பதுளையில் துறைமுகம் கட்டிய புத்தகம்

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், முக்கியமான விஷயம் பேசுவதற்கு முன்னால் தன் போனை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிடுவார். போன் நாம் பேசுவதையெல்லாம் ஒட்டுக் கேட்கிறதாம். அரிசிக்குள் புதைத்துவிட்டால் அதற்குக் காது அடைத்துப்போகுமாம். அவர் குரலைத் தாழ்த்தி விஷயத்துக்கு வரும் நேரம் பார்த்து டின்னுக்குள் மணி அடிக்கும். உலை வைக்க அரிசி அளந்துகொண்டிருக்கும் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் போனைத் தேடி எடுத்து, "யாருங்க?" என்பார். அந்த வீட்டில் ஒருநாள் சாப்பிடும்போது என் சோற்றில் போன் உறையின் ரப்பர் துண்டு ஒன்று கிடைத்தது. கல் என்று நினைத்து ஒதுக்கினேன். கல் அப்படி வளையாது.

மச்சான் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வெலிமடையிலிருந்து லீக்ஸ், கேரட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய், மறுநாள் வெறும் லாரியோடு திரும்பி வருவார். முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணியதால் லாரியை விட்டார். லாரி போன இடத்தில் போன் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்ததிலிருந்து ஏதாவது ஒரு குரூப்பில் ஏதாவது ஒன்று வந்து விழும். உருளைக்கிழங்கில் முன்பெல்லாம் நிறையக் கண் இருந்தது, இப்போது குறைந்துகொண்டே வருகிறது, யாரோ வேண்டுமென்றே குறைக்கிறார்கள் என்று ஒரு வாரம் முழுக்கச் சொன்னார். அந்த வாரம் அவர்கள் வீட்டில் உருளைக்கிழங்கைச் சமைப்பதற்கு முன் அதன் கண் எண்ணப்பட்டது.

நான் பதுளை டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ். மச்சான் வீடும் எங்கள் வீடும் பக்கத்துப் பக்கத்தில். பழைய வரிசைக் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியே, மலைச் சரிவில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகள். மேலே தேயிலை, அதற்கும் மேலே மேல் லயம், கீழே பெரிய லயம், நடுவில் நாங்கள்.

ஒருநாள் ஒரு ஜீப் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். எங்கள் வீடுகளுக்கு மேலே, எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்துக்கு ஒரு கம்பி நட்டு, அதன் மேல் வெள்ளை நிறத்தில் உருளையான ஒரு பெட்டியை வைத்தார்கள். பெட்டியின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன சோலார் தகடு, ஒரு ஏரியல். சுற்றிலும் முள்ளுக்கம்பி போட்டு, ஒரு சின்னக் கேட்டும் வைத்து, தோட்டத்து மேனேஜரான தொரையிடம் ஏதோ பேசிவிட்டுப் போய்விட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதை நாங்கள் வாசிப்பதற்குள் மழை கழுவிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மச்சான் போனை அரிசியில் போட்டார்.

"மாப்ள, அது மழை இழுக்கிற பெட்டி."

"இழுத்து?"

"அனுப்புது."

"எங்க மச்சான்?"

அவர் ஜன்னலைச் சாத்தினார். "வெலிமடைக்கு."

நான் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் சிரித்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை, இரக்கத்தோடு பார்த்தார். "முப்பது வருசம் அந்த ஆளுங்களோட பழகியிருக்கேன். லீக்ஸுக்குத் தண்ணி வேணும்னா அவங்க என்ன வேணும்னாலும் செய்வாங்க. ஒனக்கு மாத்திரை விக்கத்தான் தெரியும்."

ஒரே வாரத்தில் லயத்திலிருந்து எட்டுப் பேர் அவரோடு சேர்ந்துவிட்டார்கள். 'மழை மீட்புக் குழு' என்று பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டில் கூட்டம். ஒன்பது போன்களும் டின்னுக்குள் போகும். அரிசி டின் கொள்ளாமல் ஒரு மாவு டின்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா முறுக்கும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு, கூட்டம் முடியும்வரை சோறு பொங்க முடியாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட பழைய புத்தகம் விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அவர் கடையில் நின்று குடைந்துகொண்டிருந்தேன். அட்டையில் ஒரு பெரிய கண், கண்ணுக்குள் ஒரு பூட்டு. உலகம் பூராவும் சதி நடக்கிறது என்று நம்புகிற இயக்கங்களைப் பற்றி யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஊர் ஊராகப் போய் எழுதியது. அதைத் தமிழில் யாரோ அவசரமாக மொழிபெயர்த்திருந்தார்கள்.

"நானா, இது எப்பிடி?"

"நான் வாசிக்கல்ல. ஆனா ரெண்டு பேரு வாங்கிட்டுப் போய் திருப்பிக் கொண்டாந்து தந்தாங்க. அதுல என்னமோ ஈக்குது."

வாங்கிவிட்டேன். பஸ்ஸிலேயே ஆரம்பித்தேன்.

மோசமான புத்தகம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எழுதியவருக்குத் தன்னைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயம். யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் கொடுக்கிற கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் அவர்கள் வீட்டுத் திரைச்சீலையைக் கிண்டல் செய்வார். வரிக்கு வரி குட்டி எண் போட்டு 'பின்குறிப்பு பார்க்க' என்றிருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் பின்குறிப்பே கிடையாது, அச்சுக்கூடத்தின் விளம்பரம்தான் இருக்கும். ஒரே ஆள் மூன்றாம் அத்தியாயத்தில் பல் டாக்டர், ஐந்தாம் அத்தியாயத்தில் மாட்டு டாக்டர். மொழிபெயர்த்தவர் களைத்துப்போன இடங்கள் நன்றாகத் தெரிந்தன. எட்டாம் அத்தியாயம் முழுவதையும் தலைகீழாகத் தைத்திருந்தார்கள். அதை நான் விட்டுவிட்டேன். பஸ்ஸில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தால் கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

இருந்தாலும் அந்த மனிதர் நேரில் போயிருக்கிறார், கேட்டிருக்கிறார். அதனால் நடுநடுவே நிமிர்ந்து உட்கார வைக்கிற விஷயங்கள் இருந்தன. இப்படி நம்புகிறவர்கள் முட்டாள்கள் கிடையாது என்று சொல்லியிருந்தார். நிறையப் பேர் கெட்டிக்காரர்கள், வேலையிலிருந்து நின்றவர்கள், தங்களை இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று ஆகிவிட்டவர்கள். இயக்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுக்கிறது. நீங்கள் தப்பு என்று நிரூபித்தால், அந்த நிரூபணமே சதியின் ஒரு பகுதி ஆகிவிடும். அதை வாசித்ததும் எனக்கு மச்சானின் முழங்கால்கள் ஞாபகத்துக்கு வந்தன. மருந்துக்கடையிலிருந்து எடுத்துவந்த சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன்.

அடிக்கோடு போட ஆரம்பித்தது தப்பாகப் போய்விட்டது. ஒருவர் சதிக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார் என்பதற்கான அடையாளங்கள் என்று நாலாம் அத்தியாயத்தில் கொடுத்திருந்தார். திடீரென்று பேச்சை நிறுத்துவது, தற்செயலாக நடந்ததை நம்ப மறுப்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. ஒரு வாரத்தில் நான் எல்லோரிடமும் அதைப் பார்க்கத் தொடங்கினேன். மருந்துக்கடைக்கு வந்த ஒரு அம்மா, "இந்த மாத்திரை ஏன் போன மாசம் வெள்ளையா இருந்துச்சு, இப்ப மஞ்சளா இருக்கு?" என்று மூன்று தடவை கேட்டார். நான் குனிந்து, "ஒங்களுக்கு இதை யாரு சொன்னா?" என்றேன். அவர் மாத்திரையை எனக்கே திருப்பிக் காட்டினார். மஞ்சளாகத்தான் இருந்தது. நான்தான் தவறுதலாக மாற்றிக் கொடுத்திருந்தேன்.

வீட்டில் என் மனைவி நான் உள்ளே வந்ததும் போனில் பேச்சை நிறுத்தினாள்.

"யாரு?"

"அண்ணி."

"நான் வந்ததும் ஏன் நிறுத்தின?"

"ஒங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தேன். அதான் நிறுத்தினேன்." புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி அட்டையைப் பார்த்தாள். "அங்கிட்டு ஒண்ணு டின்னுக்குள்ள போனைப் போடுது. இங்கிட்டு ஒண்ணு சிவப்புப் பேனாவோட அலையுது. எங்க அம்மா ரெண்டு பக்கமும் பாத்துத்தான் கட்டிக் கொடுத்திருக்காங்க."

நான் மச்சானைத் திருத்தியே தீருவது என்று முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் புத்தகத்தோடு போனேன். என் போனையும் மாவு டின்னில் போட்டார்கள். எழுந்து நின்று, சிவப்புக் கோடு போட்ட பகுதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். எட்டுப் பேரும் முறுக்குக் கடிப்பதைக்கூட நிறுத்திக் கேட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த வேகத்தில் கோடு போடாத ஒரு பாராவையும் சேர்த்து வாசித்துவிட்டேன். ஆசியாவில் வதந்திகள் எப்படிப் பரவுகின்றன என்பதைப் பற்றிய பாரா. அதில் ஒரு வரி: 'இலங்கையின் துறைமுக நகரமான பதுளையில் மீனவர்கள் இதை இன்றும் நம்புகிறார்கள்.'

எட்டுப் பேரும் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"திரும்ப வாசி மாப்ள," என்றார் மச்சான்.

"அது அச்சுப்பிழை மச்சான். வேற ஊரை மாத்திப் போட்டுட்டாங்க."

"வாசி."

வாசித்தேன். மச்சான் எழுந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மெதுவாக ஜன்னலுக்குப் போனார். வெளியே நமுனுகுல மலை, அதன் மேல் மேகம், கீழே தேயிலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து மொனராகலை தாண்டி, யானைக்காடு தாண்டி இன்னும் போக வேண்டும்.

"ஒரு துறைமுகம்," என்றார். "ஒரு துறைமுகத்தையே நம்மகிட்ட இருந்து மறைச்சிருக்காங்க."

"மச்சான், கடலே இல்லாம எப்பிடித் துறைமுகம்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். கடலை எங்க கொண்டு போனாங்க?"

மலை மேல் சங்கு கிடைத்ததாகத் தன் அப்பா சொல்லியிருக்கிறார் என்றார் குழுவில் ஒருவர். கோயில் சங்கு தொலைந்ததைத்தான் அவர் அப்பா சொல்லியிருப்பார். ஆனால் அதைச் சொல்ல எனக்கு இடம் கொடுக்கவில்லை. மழையை இழுக்கத் தெரிந்தவனுக்குக் கடலை இழுப்பது எவ்வளவு நேரம் என்றார் இன்னொருவர். நான் கொண்டுபோன ஒரே ஆயுதம் அவர்கள் கைக்குப் போய்விட்டது. கூட்டம் முடிந்து கிளம்பும்போது மச்சான் என் தோளைத் தட்டினார். "நல்ல புத்தகம் மாப்ள. ஆளு துணிஞ்சு எழுதியிருக்காரு."

இதற்கு அடுத்த வாரம் அந்த ஜீப் திரும்ப வந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு ஆபீசர். சிங்களவர், ரொம்பப் பணிவான இளைஞர், தமிழ் கொஞ்சம் தெரியும். காலை நேரம், நல்ல வெயில். பெட்டியைத் திறந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒரு போத்தல் தண்ணீரை மேலே ஊற்றி லேப்டாப்பைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அன்று எனக்கு லீவு. மச்சானும் நானும் வேலி ஓரத்தில் நின்றோம்.

"ஐயா, இந்த இடம் மூணு கிழமையா மழை இல்லைதானே?" என்று கேட்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். மூன்று வாரமாகத் தினமும் மத்தியானம் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தள்ளியிருந்தது. என் பள்ளமான வாசலில் அப்போதுகூடத் தண்ணீர் நின்றது. கொடியில் கிடந்த என் சட்டையில் பூஞ்சணம் பூத்திருந்தது.

"மழை பெய்ஞ்சுச்சுங்க," என்றேன். "நல்லாப் பெய்ஞ்சுச்சு."

"மெஷின்ல ஒண்ணும் இல்லை ஐயா. சைபர். ஒவ்வொரு நாளும் சைபர். மெஷின் நல்லா வேலை செய்யுது. இப்ப தண்ணி ஊத்தினேன், சரியா காட்டுச்சு."

குழப்பத்தோடு அவர் தன் நம்பரைத் தந்துவிட்டுப் போய்விட்டார். மச்சான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு நிம்மதி.

"கேட்டியா மாப்ள? மழை பெய்யலையாம். நம்ம தலையில விழுந்த மழை கணக்குல இல்லையாம். அப்ப யாரு கணக்குல ஏறியிருக்கு?"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கே வெலிமடை மேல் சந்தேகம் வந்தது. பிறகு புத்தகம் உதவிக்கு வந்தது. தங்கள் நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்காதபோது இயக்கத்துக்காரர்கள் ஆதாரத்தைத் தாங்களே உருவாக்குவார்கள் என்று ஆறாம் அத்தியாயத்தில் இருந்தது. இரட்டைக் கோடு போட்டிருந்தேன். சரிதான், குழுவில் யாரோ ஒருவர் பெட்டியில் கை வைக்கிறார். ஒருவேளை மச்சானே. இதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மறுநாள் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வந்துவிட்டேன். மருந்துக்கடையில் தலைவலி என்று சொன்னால் மாத்திரைதான் கொடுப்பார்கள். அதையும் விழுங்கிவிட்டு வந்தேன். பீலிக்கு மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் குந்திக்கொண்டேன். குடை விரித்தால் தெரிந்துவிடும் என்பதால் தலையில் ஒரு ஷாப்பிங் பேக் மாட்டியிருந்தேன். மேகம் கறுத்தது. காலில் அட்டை ஏறியது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முதல் துளி விழுந்தது. கீழே ஒரு கதவு திறக்கும் சத்தம். யாரோ சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடி வந்தார்கள். அக்கா. கேட்டைத் திறந்து உள்ளே போனார். சட்டியைப் பெட்டியின் மேல் தொப்பி மாதிரிக் கவிழ்த்தார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒரு கல்லை எடுத்து மேலே வைத்தார். பெட்டியை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டுவது போல. திரும்பினார். தேயிலைக்குள்ளிருந்து ஷாப்பிங் பேக் மாட்டிய தலை ஒன்று எழுந்ததைப் பார்த்து, "ஐயோ!" என்று கத்தினார்.

"நான்தான் அக்கா."

"தம்பியா? என்னா தம்பி கோலம் இது?"

"அக்கா, நீங்க என்ன பண்றீங்க?"

"பாத்தாத் தெரியலையா? மூடுறேன்."

"ஏன் மூடுறீங்க?"

அவர் என்னை மச்சான் பார்ப்பது போலவே இரக்கத்தோடு பார்த்தார். "எலக்ட்ரிக் சாமான் தம்பி. மேல இம்புட்டுப் பெரிய ஓட்டை. வச்சிட்டுப் போனவங்க மூடியை மறந்துட்டுப் போயிட்டாங்க. மழைத்தண்ணி உள்ள போனாக் கெட்டுப்போயிராதா? பாவம், அந்தப் பிள்ளைங்க மேல இருந்து ஏச்சு வாங்கும். அதான் மேகம் கட்டினதும் ஓடியாந்து மூடுவேன். வெயில் வந்ததும் எடுத்துருவேன், உள்ள காத்துப் படணுமில்ல."

மழை இருவர் மேலும் கொட்டியது. பெட்டி மட்டும் நனையாமல் நின்றது.

"அக்கா," என்றேன், "அது மழை அளக்கிற பெட்டி."

அவர் சட்டியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு கல்லை எடுத்துக் கீழே வைத்து, சட்டியை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பாதி வழியில் நின்று, "அவருகிட்டச் சொல்லிறாதீங்க," என்றார்.

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா என்ன? இதற்காகத்தானே அத்தனை அட்டைக்கு ரத்தம் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் எட்டுப் பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்றெல்லாம் அன்று சாயங்காலம் அட்டைக்கடிக்கு மருந்து போட்டுக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். கையில் புத்தகம். வீட்டில் கண்டக்டர் இல்லாததால் தலைகீழாகப் பிடித்து எட்டாம் அத்தியாயத்தைத் திறந்தேன்.

அந்தப் புத்தகத்தில் உள்ள ஒரே நல்ல அத்தியாயம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. இயக்கங்களை விட்டு வெளியே வந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசியிருந்தார். இந்தத் தடவை யார் வீட்டுத் திரைச்சீலையையும் கிண்டல் செய்யவில்லை. நாலு பேர் முன்னால் தோற்கடிக்கப்பட்டதால் வெளியே வந்தவர் ஒருவரும் கிடையாது. அவமானப்பட்டவர்கள் இன்னும் உள்ளே போனார்கள். வந்தவர்கள் எல்லோரும் வேறு ஏதோ ஒரு வேலைக்கு யாரோ கூப்பிட்டதால் வந்தவர்கள். பூந்தோட்டம், பாட்டுக்குழு, பேரப்பிள்ளை. பெரிய சதி என்று நினைத்ததற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு அசட்டு மனிதரோ ஒரு நல்ல மனசோதான் இருந்ததாம்.

என் ஒத்திகை அத்தோடு நின்றுபோனது. எட்டுப் பேர் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். நான் சொல்லத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, அக்காவே அடுப்படியிலிருந்து வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

மச்சான் ரொம்ப நேரம் அந்தச் சட்டியையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்னை மூடச் சொல்லி யாரு சொன்னா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அக்கா சட்டியைத் தரையில் வைத்த சத்தம் லயம் வரை கேட்டிருக்கும்.

"ஆமா, நெலாவுல இருந்து ஆளு வந்து சொன்னாங்க! மூணு கிழமையா மேகம் கட்டினா சட்டியைத் தூக்கிட்டு ஒங்க கண்ணு முன்னாடிதான் ஓடுறேன். எங்க போறன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஆகாசத்துல போற பிளேனு எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியுது. வீட்டுல இருக்கிற பொம்பளை எந்தப் பக்கம் ஓடுறான்னு தெரியலை!"

என் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். முடியவில்லை. அவள் சிரித்ததும் அக்காவும் சிரித்தார். மச்சான் கடைசியாகச் சிரித்தார், விருப்பமில்லாமல், மூக்கால். அன்று அவர் போன் மேசை மேலேயே கிடந்தது. டின்னில் போட மறந்துவிட்டார்.

ஆபீசருக்கு நான் போன் பண்ணிச் சொன்னேன். மறுமுனையில் ஒரு விக்கல் மாதிரிக் கேட்டது. மறுநாள் வந்தார். அக்கா வெளியே வராமல் கதவுக்குப் பின்னால் நின்றார். ஆபீசர் அவரைக் கூப்பிட்டு, "பயப்பட வேணாம் அம்மா, இந்த மெஷினை இவ்வளவு நல்லா யாரும் பாத்துக்கிட்டது இல்லை," என்றார். பிறகு அது எதற்கு என்று சொன்னார். ஒரே நாளில் மழை ஒரு அளவைத் தாண்டினால் மேலே இருக்கிற மண் இளகும், அப்போது எங்களைக் கீழே இறங்கச் சொல்வதற்காக வைத்த பெட்டி. மண் சரிந்த மலைகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூன்று வாரமாக அந்தப் பெட்டி சைபர் காட்டியதை நினைத்து அக்காவின் கண் கலங்கியது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றார் மச்சான்.

"காகிதம் ஒட்டினோம் ஐயா."

"மழை அளக்கிற பெட்டிக்குப் பக்கத்துல காகிதம் ஒட்டினா மழைதான் வாசிக்கும்."

ஆபீசர் தலையைக் குனிந்துகொண்டார். அதில் தப்பு அவர்கள் பக்கம்தான். மச்சான் முதல் தடவையாக ஒரு சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டிருந்தார். அதற்குப் பதிலும் கிடைத்தது. அதன் பிறகு அவர் கேட்டுக்கொண்டே போனார். ஏரியல் எங்கே பேசுகிறது, கரண்ட் எவ்வளவு நாள் நிற்கும், குருவி உள்ளே கூடு கட்டினால் என்ன ஆகும். ஆபீசர் அசந்துபோனார். போகும்போது ஜீப்பிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்து மச்சானிடம் கொடுத்தார். பெட்டி பழுதானாலும் கையால் மழையை அளந்து பார்க்கிற குழாய். "ஐயா, ஒவ்வொரு நாளும் காலையில எட்டரைக்குப் பாத்து எனக்குச் சொல்ல முடியுமா?"

மச்சான் என்னைப் பார்க்காமல், வெலிமடைச் சாலையில் லாரியைத் திருப்பும்போது காட்டுகிற முகத்தோடு, "பாக்கலாம்," என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கே போய் நின்றார். அரை மணி நேரம் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். மழை மீட்புக் குழுவின் எட்டுப் பேரும் முறை வைத்துக்கொண்டு வேலி ஓரத்துப் புல்லைச் சுரண்டினார்கள். முறுக்கு அதே முறுக்குதான். சோறு மட்டும் நேரத்துக்குப் பொங்கியது.

மச்சான் அடியோடு மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோட்டத்திலும் இப்படி ஒரு குழாய் இருக்கிறது. அங்கே நம்மைவிட எப்போதும் கூடுதலாக மழை சொல்கிறார்கள், அந்த ஆள் ராத்திரியில் தண்ணீர் ஊற்றுகிறான் என்று அவருக்கு ஒரு சந்தேகம். பதுளைத் துறைமுகத்தைப் பற்றியும் அவர் இன்னும் முழுசாக முடிவுக்கு வரவில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானத்துக்குள் குழாய் இரண்டு தடவை நிறைந்துவிட்டது. ஆபீசர் போன் பண்ணுவதற்கு முன்பே மச்சான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி, மேல் லயத்தில் கடைசி ஆறு வீடுகளிலும் கதவைத் தட்டி எல்லோரையும் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மலை அசையவில்லை. மறுநாள் காலை வெயில் அடித்தது, எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். இரண்டு நாள் கழித்து மச்சான் என் வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"மாப்ள, மேல் லயத்துல என்னா பேசிக்கிறாங்க தெரியுமா? அந்த ஆறு வீட்டையும் காலி பண்ண வைக்கத்தான் நான் மழையைக் கூட்டிச் சொன்னேனாம். எனக்கும் அந்த ஆபீசருக்கும் உள்ளுக்குள்ள ஏதோ ஏற்பாடாம்!"

நான் அவரை உட்கார வைத்தேன். தேத்தண்ணி வந்தது. அதை ஆற்றாமலே ஒரு மிடறு குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"எப்பிடி மாப்ள இந்த மாதிரியெல்லாம் யோசிக்கிறாங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு, குழாயைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, முறுக்குச் சுட மாவு இருக்கிறதா என்று தன் தங்கச்சியிடம் கேட்டார்.